என் இரத்தமே எனக்கு மருந்தா?

கேள்வி: ஐயா, எனக்கு 41 வயது, வாழைத்தோட்டம் செய்கிறேன். ஏழு மாதமாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. மண்வெட்டி பிடிக்க ஏலாது, தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினாலும் சுள்ளென்கிறது. ரெனிஸ் எல்போ என்கிறார்கள். நான் ரெனிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை. ஒரு தனியார் கிளினிக்கில், என் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துப் போடும் பி.ஆர்.பி. ஊசி போடலாம் என்றார்கள். கனடாவில் இருக்கும் அண்ணா காசு அனுப்புகிறேன், அம்மாவின் தேய்ந்த முழங்காலுக்கும் சேர்த்துப் போடு என்கிறார். அம்மாவுக்கு 68. போடலாமா? போட்டால் நண்டு, இறால், கத்தரிக்காய் விலக்க வேண்டுமா?
— தோட்டக்காரன், நீர்வேலி

பதில்: தம்பி, ரெனிஸ் விளையாடி வந்தவர்களை என் முப்பது வருடப் பிசியோதெரபி வேலையில் விரல் விட்டு எண்ணலாம். மண்வெட்டிக்காரரும் மேசன்மாரும்தான் அதிகம். என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனைவி கை முறிந்து கிடந்தபோது இரண்டு மாதம் திருவலையில் இருந்து தேங்காய் திருவியதில் வாங்கிய வலி அது.

பிளேட்லெட் என்ற சொல்லை டெங்கு நமக்கு நன்றாகவே பழக்கிவிட்டது. "எத்தனைக்கு இறங்கியிருக்கு?" என்று கேட்காத வீடு இல்லை. இரத்தத்தை உறையவைக்கும் அதே துணுக்குகள்தான் இவையும். காயம் பட்ட இடத்தில் திசுவை வளரத் தூண்டும் பொருள்களையும் அவை வெளிவிடுகின்றன. ஊசியின் யோசனை இதுதான்: உங்கள் கையிலிருந்தே இரத்தம் எடுத்து, குழாயில் இட்டு, இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றுவார்கள். சிவப்பு அடியில் தங்கும், நடுவில் மெல்லிய வெள்ளைப் படலம், மேலே மஞ்சள் நீர். பிளேட்லெட் செறிந்த பகுதியைப் பிரித்து எடுத்து (பி.ஆர்.பி. என்பது இதுதான்), வலிக்கிற தசைநாரில் ஏற்றுவார்கள். சில மில்லிலீற்றர்தான். முதல் இரண்டு மூன்று நாள் வலி கூடும், பயப்பட வேண்டாம்.

யோசனை அழகானது. பலன் எப்படி? 2010இல் நெதர்லாந்தில் 100 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரு வருடம் கழித்து, பி.ஆர்.பி. போட்டவர்களில் 73 வீதமானோருக்கும் அழற்சியை அடக்கும் ஸ்டீரொயிட் மருந்து போட்டவர்களில் 49 வீதமானோருக்கும் வலி காற்பங்குக்கு மேல் குறைந்திருந்தது. கிளினிக்காரர் இதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் எதிராளி யார் என்று பாருங்கள். முழங்கைக்கு ஸ்டீரொயிட் ஆறு வாரம் ராசா. வருடம் திரும்பும்போது ஒன்றுமே செய்யாமல் இருந்தவரைவிடப் பின்தங்கி நிற்பார். நானே சாட்சி. பொறுமையில்லாமல் ஸ்டீரொயிட் ஊசி போட்டேன், மூன்றாம் நாள் கை இறகு மாதிரி. நாலாம் மாதம் பழைய வலி தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தது. அப்படி ஒருவரை ஓட்டத்தில் வெல்வது பெரிய வீரமா? வெறும் உப்புத் தண்ணீர் ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வுகளையும் சேர்த்து, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கொக்ரேன் குழு 2021இல் 32 ஆய்வுகளை அலசியது. முழங்கைக்கு இந்த ஊசியால் சொல்லத்தக்க கூடுதல் நன்மை தெரியவில்லை என்றே முடித்தது.

ஆகவே முதலில் போத்தல். அரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தலை நிரப்புங்கள். முன்கையை மேசையில் கிடத்தி, உள்ளங்கை நிலத்தைப் பார்க்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். போத்தலை வலது கையில் பிடித்து, இடது கையால் உதவி மேலே தூக்குங்கள். இறக்கும்போது வலது கை தனியே, ஐந்து எண்ணும்வரை மெல்ல. ஒருமுறைக்கு 15, நாளுக்கு மூன்று முறை, மூன்று மாதம். செய்யும்போது கொஞ்சம் நோகலாம். அடுத்த நாள் காலையில் கூடியிருந்தால் தண்ணீரைக் குறையுங்கள். மண்வெட்டிப் பிடியில் பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றித் தடிப்பாக்குங்கள், இறுக்கிப் பிடிக்கிற பாடு குறையும். பெரும்பாலானோருக்கு ஒரு வருடத்துக்குள் இது அடங்கிவிடும். நீங்கள் ஏற்கெனவே ஏழு மாதம் கடந்துவிட்டீர்கள்.

அதற்குப் பிறகும் பிடிவாதமாக நின்றால், போடுவது பாவமில்லை. ஸ்கான் பார்த்தபடி ஊசியைச் செலுத்துவார்களா என்று கேளுங்கள். டிக்ளோபெனாக், இபுபுரொபென் போன்றவை பிளேட்லெட்டின் வேலையைக் கெடுக்கும். ஊசிக்கு முன்னும் பின்னும் எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்பதையும் கேளுங்கள். வலிக்குப் பனடோல் போதும். இருதயத்துக்கு அஸ்பிரின் எடுப்பவர் டொக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. நண்டும் கத்தரிக்காயும் ஊசியோடு எந்தக் கோபமும் இல்லாதவை. கிரந்தி என்று பெரியம்மா விலக்கச் சொன்னால், அவருக்காக ஒரு வாரம் விலக்குங்கள். ஒவ்வாமை இருந்தால் மட்டும் அது வேறு கதை.

அம்மாவின் முழங்காலுக்கு வேண்டாம் என்பேன். அவுஸ்திரேலியாவில் 50 வயதைக் கடந்த 288 பேருக்கு வாரம் ஒன்றாக மூன்று ஊசி போட்டார்கள். பாதிப் பேருக்கு உப்புத் தண்ணீர். 2021இல் வந்த முடிவு: ஒரு வருடத்தின் பின் பத்துப் புள்ளியில் வலி பி.ஆர்.பி.யில் 2.1 குறைந்தது, உப்புத் தண்ணீரில் 1.8. அவ்வளவுதான். தேய்ந்த குருத்தெலும்பும் வளரவில்லை.

அண்ணாவின் காசை வீணாக்க வேண்டாம். குந்தி எழும்பும் மலசலகூடம் என்றால் அதில் கொமட் பூட்டுங்கள், சுவரில் பிடிக்க ஒரு கம்பியும். அம்மாவைக் கதிரையில் இருத்தி, காலை நேராக நீட்டி ஐந்து எண்ணி இறக்கச் சொல்லுங்கள், காலையும் மாலையும் பத்துப் பத்து. மிச்சக் காசில் நல்ல செருப்பு ஒரு சோடி.