மாடு வேண்டாம், முட்டை வேண்டாம்: லண்டன் பர்கர் கடையில் என்ன சாப்பிடலாம்?

கேள்வி: ஆபீஸ் வேலையாக ஆறு மாதம் லண்டனில் இருக்கப் போகிறேன். குடும்பமும் உடன் வருகிறது. பத்து வயது மகன் இப்போதே "ஃபைவ் கைஸ் பர்கர் கடைக்குப் போகணும்" என்று அடம் பிடிக்கிறான். நானும் அவனும் சிக்கன், மட்டன் சாப்பிடுவோம்; மாடும் பன்றியும் தொடமாட்டோம். மனைவி சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. அங்கே எங்களுக்கு என்ன கிடைக்கும்? எப்படி ஆர்டர் செய்வது? டிப்ஸ் வைக்க வேண்டுமா? (வாசகர், திருச்சி)

பதில்: முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ஃபைவ் கைஸில் சிக்கனே கிடையாது. மாட்டிறைச்சி பர்கர், ஹாட் டாக் (அதுவும் மாடுதான்), பிறகு சில சாண்ட்விச்கள், ஃப்ரைஸ், மில்க்‌ஷேக். மெனு அவ்வளவுதான். அமெரிக்கப் பாணி பர்கர் கடைகள் பலவும் இப்படித்தான். நாலைந்து அயிட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதையே நாள் முழுக்கப் போடுவார்கள். வரிசையில் நின்று கவுன்ட்டருக்கு வந்த பிறகு இது தெரிந்தால் பையன் முகத்தைப் பார்க்க முடியாது. எந்தக் கடை என்பதை வீட்டிலேயே மெனுவைப் பார்த்து முடிவு செய்துவிடுங்கள்.

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது ஷேக் ஷாக். அங்கே சிக்கன் பர்கர் உண்டு. பெரிய போர்ட்டபெல்லா காளானுக்குள் சீஸ் அடைத்து மொறுமொறுவென்று பொரித்த சைவ பர்கரும் உண்டு. ஷேக் ஷாக், ஃபைவ் கைஸ் இரண்டுமே லண்டனில் முதல் கடையைத் திறந்தது கோவென்ட் கார்டன் பகுதியில்தான், அதுவும் 2013 ஜூலையில் ஒரே வாரத்தில். அந்தப் பக்கம் சுற்றிப் பார்க்கப் போகும் நாளில் வைத்துக்கொண்டால் பையனின் அடமும் தீரும்.

உங்கள் மனைவி விஷயத்தில்தான் கவனம் வேண்டும். 'வெஜ்' என்று எழுதியிருந்தாலே முட்டை இல்லை என்று அர்த்தமாகாது. முட்டை சேரும் இடங்கள் மூன்று: பன், மயோனைஸ் கலந்த சாஸ், பொரிப்பதற்கு முன் முக்கியெடுக்கும் மாவு. ஃபைவ் கைஸ் பன்னிலேயே பாலும் முட்டையும் இருக்கின்றன. இதற்கு அங்கே நல்ல வழி ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் உணவகங்கள் 14 வகை அலர்ஜிப் பொருள்கள் பற்றிய விவரத்தைத் தந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். முட்டை, பால் இரண்டும் அதில் அடக்கம். அலர்ஜி இல்லாவிட்டால் என்ன, அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கவுன்ட்டர் பையனிடம் சைவம் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்தது, எதில் வேகிறது என்ற கேள்வி. பர்கர் கிங் 2020-ல் பிரிட்டனில் 'ரெபெல் வாப்பர்' என்ற சோயா பர்கரை மாட்டிறைச்சி துளியும் இல்லை என்று விளம்பரம் செய்தது. ஆனால் அது வெந்தது இறைச்சி வேகும் அதே அடுப்பில். கூடவே முட்டை மயோனைஸ். மக்களைத் தவறாக எண்ண வைக்கிறது என்று அந்நாட்டு விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு அந்த விளம்பரங்களைத் தடை செய்தது. மெக்டொனால்ட்ஸ் தன் 'மெக்பிளான்ட்' சைவ பர்கரைத் தனிக் கரண்டி, தனி உபகரணங்களில் சமைப்பதாகச் சொல்கிறது. ஆக, கேட்க வேண்டியவை இரண்டு: கறி வேகும் அதே கல்லா? சிக்கன் பொரிக்கும் அதே எண்ணெயா? கேட்பதில் கூச்சமே வேண்டாம், அங்கே தினமும் கேட்கிற கேள்விதான்.

ஃப்ரைஸ் விஷயத்தில் ஃபைவ் கைஸ்தான் உங்களுக்கு வசதி. அங்கே எண்ணெயில் போட்டு எடுப்பது உருளைக்கிழங்கை மட்டும்தான். அதனால் சிக்கன் பொரித்த எண்ணெய் என்ற பேச்சுக்கே இடமில்லை. பொரிப்பது கடலை எண்ணெயில். சுத்திகரித்த எண்ணெய் என்பதால் நம் செக்கெண்ணெய் வாசனையை எதிர்பார்க்காதீர்கள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்தக் கடைப் பக்கமே போக வேண்டாம். ஒரு கப்பில் ஃப்ரைஸை நிரப்பி, பழுப்புக் காகிதப் பைக்குள் வைத்து, அதன் மேலேயே இன்னொரு அள்ளு அள்ளிக் கொட்டுவார்கள். அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டாலும் அதே பைதான், தட்டு கிடையாது. கொஞ்ச நேரத்தில் பை எண்ணெய் கசிந்து பளபளக்கும், மடியில் வைக்காதீர்கள். மூன்று பேருக்கும் ஒரு ரெகுலர் போதும்.

இந்த ஃப்ரைஸ் நம்பிக்கையை அப்படியே அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாதீர்கள். மெக்டொனால்ட்ஸ் ஃப்ரைஸ் பிரிட்டனில் சைவம். அமெரிக்காவில் அதே ஃப்ரைஸில் மாட்டிறைச்சிச் சுவையூட்டி சேர்கிறது. அதை மறைத்ததாக இந்துக்களும் சைவ உணவினரும் தொடுத்த வழக்கு 2002-ல் 1 கோடி டாலரில் சமரசமானது.

மகன் ஃபைவ் கைஸேதான் வேண்டும் என்றால் வெஜ்ஜி சாண்ட்விச் இருக்கிறது: வதக்கிய காளான், வெங்காயம், குடைமிளகாய், தக்காளி. டாப்பிங் எத்தனை கேட்டாலும் கூடுதல் காசு இல்லை, ஹலபீனோ மிளகாயைக் கட்டாயம் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நம் நாக்குக்குச் சப்பென்றிருக்கும். மனைவிக்குப் பன் வேண்டாம், மயோனைஸ் வேண்டாம் என்று சொன்னால் லெட்டூஸ் இலையில் சுற்றியோ கிண்ணத்திலோ தருவார்கள். கல்லைப் பற்றிய கேள்வியை மட்டும் மறக்க வேண்டாம். மில்க்‌ஷேக்கில் கலக்கத் தரும் பொருள்களில் பேக்கனும் ஒன்று, அது பன்றி. என்ன கேட்கிறார்கள் என்று புரியாமல் 'யெஸ்' என்று தலையாட்டிவிடாதீர்கள்.

ஆர்டர் செய்வதில் சிரமம் ஒன்றுமில்லை. கவுன்ட்டரிலோ திரையிலோ சொல்லி, பணம் கட்டி, ரசீது எண்ணைக் கூப்பிடும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட கடையில் டிப்ஸ் தேவையில்லை. மேசைக்கு வந்து பரிமாறும் பர்கர் உணவகம் என்றால் பில்லின் அடியைப் பாருங்கள். லண்டனில் பல இடங்களில் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். 'விருப்பப்பட்டால்' என்று போட்டிருந்தால் எடுத்துவிடச் சொல்லலாம், யாரும் முறைக்கமாட்டார்கள். அது சேர்ந்திருந்தால் மேலே தனியாக வைக்க வேண்டாம். குளிர்பானத்தில் ஒரு புது மாற்றம்: 2025 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் பெரிய நிறுவனங்களின் கடைகளில் சர்க்கரை சேர்த்த பானங்களுக்கு இலவச ரீஃபில் கிடையாது. சர்க்கரை இல்லாத வகைக்கு இந்தத் தடை இல்லை.