கிறிஸ்துமஸ் பரிசும் கடை ரசீதும்

வீட்டில் ஏழு பேர். கிறிஸ்துமஸ் பரிசுக்கு 2,000 ரூபாய்தான் இருக்கிறது. போதுமா? (வாசகி, குடியாத்தம்)

போதும். லுங்கி நெய்யும் ஊரில் இருக்கிறீர்கள். ஆண்களுக்கு அதையே எடுங்கள். பிள்ளைகளுக்குத் தனித்தனியாக வேண்டாம், எல்லோருக்குமாக ஒரு கேரம் பலகை வாங்குங்கள்.

பேரனுக்கு நடைபாதையில் 150 ரூபாய்க்கு பேட்டரி கார் வாங்கினேன். அன்றே சக்கரம் கழன்றுவிட்டது. ரசீது இல்லை. (வாசகர், காட்பாடி)

போனது போனதுதான். 2021 முதல் தொழிற்சாலைப் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். இதை எத்தனை முறை எழுதுவது? குழந்தை வாயில் வைக்கும் பொருளையாவது பார்த்து வாங்கக் கூடாதா?

அம்மாவுக்குப் பரிசளித்த மிக்சியில் மூன்றாம் நாளே புகை வந்தது. ரசீதின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று இருப்பதைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். (வாசகர், ஆற்காடு)

அந்த வரியைக் கண்டாலே எனக்குக் கோபம் வருகிறது. ஒரு கிறிஸ்துமஸுக்கு என் மாமனாருக்கு, அசல் தோல் என்ற பேச்சை நம்பி வேலூரில் செருப்பு வாங்கினேன். பொங்கலுக்குள் மேல்பகுதி வெங்காயச் சருகாக உரிந்து, அடியில் வெள்ளைத் துணி தெரிந்தது. இதே வரியைக் காட்டினார்கள். நானும் பேசாமல் திரும்பிவிட்டேன். நீங்கள் அப்படித் திரும்பாதீர்கள். குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ரசீது தர மறுப்பதும் அப்படியே. கடைக்கு எழுத்தில் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற தொலைபேசி எண்ணில் புகாரைப் பதியுங்கள். மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

பிளம் கேக் பெட்டியில் அச்சிட்ட விலையை மறைத்துக் கூடுதல் விலை ஒட்டியிருக்கிறார்கள். வாங்கலாமா? (வாசகி, ராணிப்பேட்டை)

கூடாது.

மாதம் 500 ரூபாய் கிறிஸ்துமஸ் சீட்டு கட்டினேன். துணியும் மளிகையும் தருவதாகச் சொன்னவர் நவம்பரில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். கணவரிடம் சொல்லப் பயமாக இருக்கிறது. (வாசகி, வாலாஜா)

அம்மா, ஏமாற்றியவர்தான் பயப்பட வேண்டும். பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுக்கத்தானே வயிற்றைக் கட்டிச் சேர்த்தீர்கள்? சீட்டு அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அதில் ஒவ்வொரு மாதமும் அவர் போட்ட கையெழுத்துதான் உங்கள் சாட்சி. பணம் கட்டிய மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். கணவரிடம் இன்றிரவே சொல்லிவிடுங்கள். புகார் கொடுக்கப் போகும்போது அவரும் உடன் வரட்டும்.