பிபிஏ படிக்க 6 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: கரூரில் வசிக்கிறோம். கணவர் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கர், சம்பளம் மாதம் 40,000. பிளஸ் டூ-வில் வணிகவியல் பிரிவு முடித்த மகள் பிபிஏ-தான் படிப்பேன் என்கிறாள். கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் ஹாஸ்டலோடு ஆண்டுக்கு 2 லட்சம் கேட்கிறார்கள். வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய கல்லூரி என்றால் பஸ் செலவும் சேர்த்து 35,000 ஆகும். கையில் 3 லட்சம் எஃப்டியும் 12 பவுன் நகையும் உண்டு. எதைத் தொடலாம்? பிபிஏ முடித்தால் வேலை கிடைக்குமா?

பதில்: வேலை கிடைக்கும். ஆனால் முதல் வேலையின் சம்பளம் 6 லட்சம் கடனைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். அதற்குக் கணக்கைப் போட்டுவிடுவோம்.

ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் வங்கி கொடுக்கிறது, வட்டி 10% என்று வையுங்கள். படிப்புக் காலம் 3 ஆண்டு, அதன்பிறகு 1 ஆண்டு, ஆக 4 ஆண்டுகளுக்குத் தவணை கிடையாது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் 2 லட்சத்துக்கு 80,000, இரண்டாவதுக்கு 60,000, மூன்றாவதுக்கு 40,000. தவணை தொடங்கும் நாளில் கடன் 7,80,000 ஆக நிற்கும். 10 ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 10,300 கட்ட வேண்டும்.

இப்போது சம்பளம். கல்லூரி வளாகத்தில் நடக்கும் வேலைக்கான நேர்காணலில் 'ஆண்டுக்கு 3.6 லட்சம்' என்பார்கள். அதில் 60,000 ஊக்கத்தொகை, டார்கெட் முடித்தால்தான் வரும். மீதி மாதம் 25,000-இல் பிஎஃப்புக்கு நிறுவனத்தின் பங்கு 1,800, மகளின் பங்கு 1,800. கையில் வருவது 21,000 சொச்சம். வெளியூரில் தங்கிச் சாப்பிட்டு, அதில் பாதியைத் தவணைக்குக் கொடுப்பது கடினம். எனவே உள்ளூர்க் கல்லூரியையே சிபாரிசு செய்வேன். மூன்று ஆண்டுக்கும் 1,05,000தான். சம்பளத்திலிருந்தே கட்டிவிடலாம், எஃப்டியைத் தொட வேண்டாம். அந்த 3 லட்சம் எம்பிஏ-வுக்கு இருக்கட்டும். மேலாண்மைத் துறையில் பெரிய சம்பள உயர்வு பெரும்பாலும் அந்தக் கட்டத்தில், அதுவும் நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தால்தான் வருகிறது. எம்பிஏ நுழைவுத் தேர்வுகளான டான்செட் (தமிழ்நாடு), கேட் (CAT, அகில இந்தியா) இரண்டையும் எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் எழுதலாம். கேட் எழுதப் பொதுப்பிரிவினருக்குப் பட்டப்படிப்பில் 50% மதிப்பெண் வேண்டும்.

பிபிஏ எந்தக் கதவுகளைத் திறக்கும்? வங்கி, வாகனக் கடன், வீட்டுக் கடன் நிறுவனங்களில் விற்பனையும் கிளை அலுவலகப் பணியும், ஆள்சேர்ப்பு, சரக்குப் போக்குவரத்து, சில்லறை வணிகம். ஐபிபிஎஸ் வங்கி அதிகாரி தேர்வு, டிஎன்பிஎஸ்சி குரூப் 2 போன்றவற்றுக்கு ஏதாவதொரு பட்டம் போதும். உங்கள் ஊரிலேயே வீட்டு உபயோக ஜவுளி ஏற்றுமதி நிறுவனங்களில் மெர்ச்சன்டைசர் (வாங்குபவரின் ஆர்டரைப் பின்தொடர்ந்து முடித்துக் கொடுப்பவர்), ஏற்றுமதி ஆவணப் பணிகள் உண்டு.

இந்த இடங்களில் பிகாம் படித்தவரோடுதான் மகள் போட்டி போடுவாள். கணக்கியல் பாடம் அவர்களுக்கே அதிகம். அந்த இடைவெளியைப் படிக்கும்போதே அடைத்துவிட வேண்டும்: டேலியில் பில் பதிவது, எக்ஸெலில் பிவட் டேபிள் (தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை), ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலை (சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களை ஜிஎஸ்டி தளம் காட்டும் பட்டியல்) கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிட்டு விடுபட்ட பில்லைக் கண்டுபிடிப்பது. சப்ளையர் ஒரு பில்லைத் தாக்கல் செய்யாவிட்டால் அந்தப் பில்லில் கட்டிய ஜிஎஸ்டியை வாங்கியவர் தன் வரியில் கழித்துக்கொள்வது நின்றுபோகும். அதனால் இதைச் சரியாகச் செய்பவருக்கு எந்த நிறுவனத்திலும் மதிப்பு உண்டு. உங்கள் கணவரே கணக்கர் என்பதால் வீட்டிலேயே தொடங்கலாம்.

கோவைதான் என்று மகள் உறுதியாக இருந்தால், கல்லூரியிடம் அதிகபட்சச் சம்பளத்தைக் கேட்காதீர்கள். போன ஆண்டு பிபிஏ முடித்தவர் எத்தனை பேர், வேலைக் கடிதம் பெற்றவர் எத்தனை பேர், சம்பள வரிசையில் நடுவில் நிற்கும் மாணவரின் நிலையான சம்பளம் எவ்வளவு, என்ன பதவி என்று எழுத்தில் கேளுங்கள். 'மேனேஜ்மென்ட் டிரெய்னி' என்ற பெயரில் வீடுவீடாகப் போய் விற்கும் வேலையும் வரும். 2024-25 முதல் பிபிஏ, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ வரம்புக்குள் வந்துவிட்டதால் அந்த அனுமதி எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

நகையை வைக்க வேண்டாம். நகைக்கடனை வழக்கமாக ஓராண்டில் மீட்க வேண்டும் அல்லது வட்டி கட்டிப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் பணமோ நான்கு ஆண்டு கழித்துத்தான் திரும்பத் தொடங்கும். ஒரு தவணை தவறினால் நகை ஏலத்துக்குப் போகும் அபாயம் உண்டு.

கல்விக்கடனில் 7.5 லட்சம் வரை மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருப்பதால் சொத்து அடமானம் தேவையில்லை. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். கல்லூரி, மத்திய அரசின் கல்விக்கடன் திட்டமான பிஎம்-வித்யாலட்சுமியின் பட்டியலில் இருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் பாருங்கள். இருந்தால், உங்கள் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.8 லட்சம், 8 லட்சத்துக்குள் என்பதால் தவணை இல்லாக் காலத்தில் 3% வட்டி மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் மேலே சொன்ன 1,80,000 வட்டி 1,26,000 ஆகும். ஆண்டுதோறும் பயனாளிகளுக்கு உச்சவரம்பு உண்டு, மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இந்தத் திட்டமே கிடையாது. கல்விக்கடன் வட்டிக்கான வருமானவரிச் சலுகையைக் காட்டி யாராவது ஆசைகாட்டினால் அசையாதீர்கள். புதிய வரிமுறையில் அது இல்லை, இந்தச் சம்பளத்தில் உங்கள் கணவருக்கு அதில் வரியும் வராது.

கடன் வாங்கினால் வட்டியை மாதாமாதம் கட்டுங்கள்: முதலாண்டு 1,667, இரண்டாமாண்டு 3,333, அதன்பிறகு 5,000. அப்படிக் கட்டினால் அசல் 6 லட்சத்திலேயே நிற்கும், தவணையும் 7,930-க்கு இறங்கும். படிப்புக் காலத்தில் வட்டி கட்டுவோருக்குப் பல வங்கிகள் 1% வரை வட்டியைக் குறைக்கின்றன. அதைக் கடன் அனுமதிக் கடிதத்தில் எழுதித் தரச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.