அப்பாவுக்கு அந்தப் பெயர்கள் எப்படித் தெரியும்?

கேள்வி: எனக்கு வயது 36. பாரிஸுக்குப் பக்கத்தில் லா கூர்னேவில் இருக்கிறோம். வரும் செப்டெம்பரில் எங்களுடைய பத்தாவது கலியாண நாள். அதற்காக ஷாம்பெயின் பிரதேசத்தில் ஒருநாள் தனிச் சுற்றுலா பதிவு செய்திருக்கிறார் கணவர். ரான்ஸ் ஸ்டேஷனுக்கே வழிகாட்டி வான் கொண்டுவந்து ஏற்றிப்போவார். இரண்டு பெரிய கம்பனிகளின் நிலவறை, ஒரு சிறு உற்பத்தியாளரின் வீடு, நடுவில் மதியச் சாப்பாடு. வானில் ஏழு பேர் இருக்கலாம். ஆட்கணக்கு இல்லை, வாகனத்துக்கு 800 யூரோ. பிள்ளைகள் இருவரையும் அப்பா அம்மாவிடம் விட்டுப் போகிறோம். வைன் குடிக்கப் போகிறோம் என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பிரச்சினை. கட்டுப்பாடான மனிதர். 1989இல் வந்தவர், நானும் அம்மாவும் 1995இல்தான் வந்து சேர்ந்தோம். இத்தனைக்கும், ஒருநாள் டிவியில் ஷாம்பெயின் பற்றிப் போனபோது போத்தல் பெயர்களைக் கடகடவென்று சொன்னார், எப்படித் தெரியுமோ தெரியாது! போன வருஷம்தான் ரெஸ்ரோரண்ட் வேலையிலிருந்து பென்ஷன் எடுத்தார். ஒஃபிஸில் பயிற்சி வகுப்பு என்று சொல்லிவிடுவோம் என்கிறார் கணவர். மனத்தாங்கல் வராமல் இதை எப்படிக் கையாளலாம்?

— பெயர் வேண்டாம், லா கூர்னேவ்

பதில்: "எப்படித் தெரியுமோ தெரியாது" என்று எழுதி ஓர் ஆச்சரியக்குறியும் போட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். மூன்று தடவையும் அந்த ஆச்சரியக்குறியில்தான் தடக்கி விழுந்தேன்.

ரெஸ்ரோரண்டில் அப்பாவுக்கு என்ன வேலை, பிள்ளை? அதை நீங்கள் எழுதவில்லை. எழுதவும் வேண்டாம். 1989இல் தனி ஆளாகப் பாரிஸில் வந்து இறங்கிய எங்கள் ஆட்களுக்கு அந்த ஊர் என்ன வேலை கொடுத்தது என்பது எங்கள் தலைமுறைக்கு மனப்பாடம். கோப்பை கழுவல். பிறகு வெட்டுக்கொத்து, அடுப்படி என்று ஏறியிருப்பார், ஏறாமலும் இருந்திருப்பார். ஆனால் தொடங்கிய இடம் அந்தத் தொட்டிதான். நிறைந்த போத்தல் முன்பக்கமாக மேசைக்குப் போகும். வெறும் போத்தல் பின்பக்கமாக அவரிடம் வரும். பிரெஞ்சு எழுத்துக்கூட்டி வாசிக்க அவர் பழகிய பாடப்புத்தகமே அந்த லேபல்களாக இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். 36 வயது மகளுக்கு இது தோன்றவில்லை. தோன்றாததைக் கூட நான் பெரிதுபடுத்தவில்லை. அவர் கடகடவென்று சொல்லி முடித்ததும், "எப்படி அப்பா தெரியும்?" என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருந்தால் கடிதத்தில் பதிலும் வந்திருக்கும். நீங்கள் சேனலை மாற்றியிருப்பீர்கள்.

வழிகாட்டி உங்களுக்குச் சொல்லப்போகும் ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்கிறேன். ஷாம்பெயின் கண்ணாடிக் கோப்பையில் அடியிலிருந்து நூல் பிடித்ததுபோல் குமிழி எழும்புகிறதே, அது வெறுமனே எழும்புவதில்லை. ரான்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரார் லிஜே-பெலேர் என்ற இயற்பியலாளர் இந்தக் குமிழிகளையே தன் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டவர். கண்ணாடியில் ஒட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத நார்த்துணுக்குகளிலிருந்துதான் பெரும்பாலான குமிழிகள் பிறக்கின்றன. காற்றில் பறந்துவந்து படியும் நார், அல்லது கோப்பையைத் துடைத்த துணி விட்டுப்போன நார். துணுக்கு எதுவும் இல்லாமல் பளிங்காக இருக்கும் கோப்பையில் ஷாம்பெயின் ஊற்றினால் குமிழியே காணாது. மெஷினில் போட்டு சோப்புப் படலம் மிஞ்சினாலும் நுரை செத்துவிடும். விளிம்பில் உதட்டுச்சாயம் இருந்தாலும் அதே கதி.

இதை வழிகாட்டி சொல்ல, நீங்கள் இருவரும் "அப்படியா!" என்று தலையாட்டுவீர்கள். அதே நேரத்தில் லா கூர்னேவில் ஒரு மனிதர் உங்கள் பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருப்பார். அவர் கைக்குப் பழகிய வேலை இது: சுடுதண்ணியில் சோப்பு போக அலசி, தண்டைப் பிடித்து, துணியை உள்ளே விட்டு ஒரு சுழற்று, விளிம்பில் இன்னொரு சுழற்று, வெளிச்சத்தில் ஒருதரம் உயர்த்திப் பார்த்துக் கவிழ்த்து வைப்பது. அந்தக் கை விட்டுப்போன நூலிலிருந்துதான் எத்தனையோ கலியாணநாள் மேசைகளில் குமிழி எழும்பியிருக்கிறது. அந்தக் கைக்கு நீங்கள் சொல்லப்போவது, "ஒஃபிஸில் பயிற்சி வகுப்பு."

நான் குடிப்பதில்லை. குடிப்பவர்களுக்காக வக்காலத்தும் வாங்கமாட்டேன். ஆனால் பத்து வருஷம் குடும்பம் நடத்தியவர்கள் இரண்டு கோப்பை வைனை ருசி பார்ப்பது உலக மகா பாவம் என்று சொல்லவும் மாட்டேன். துப்புவதற்கு வாளியும் வைத்திருப்பார்கள். பொய் வேறு. அதுவும் பிள்ளை பார்க்கச் சொல்லிவிட்டுப் பொய். ஒருவருடைய உழைப்பையும் வாங்கிக்கொண்டு, ஏன் உழைக்கிறார் என்பதையும் அவரிடமிருந்து மறைப்பதற்கு அவருடைய முதலாளிகளே போதும். மகளும் வேண்டாம். மனத்தாங்கல் வராமல் கையாள வழி கேட்கிறீர்கள். வரட்டுமே. அப்பா ஒரு கிழமை முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தால் என்ன குறைந்துவிடும்?

'கட்டுப்பாடானவர்' என்ற சொல்லுக்கும் வருகிறேன். ஆறு வருஷம் மனைவியும் கைக்குழந்தையும் ஊரில். அவர் இங்கே, இரவு முழுக்க மற்றவர்கள் குடித்துவிட்டு வைத்த மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த மிச்சத்தில் விழுந்துபோன ஆட்களை எனக்குத் தெரியும், உங்களுக்கும் இரண்டு பேரைத் தெரிந்திருக்கும். அவர் விழவில்லை. அதனால்தான் 1995இல் உங்களுக்கு டிக்கெட் வந்தது. அதற்குப் பெயர்தான் அந்தக் கட்டுப்பாடு. நீங்கள் அதைப் பயப்பட வேண்டிய குணமாக எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது கணக்குக்கு வாருங்கள். வானில் ஏழு இருக்கை. காசு வாகனத்துக்கு. நீங்கள் இருவர் போனாலும் ஆறு பேர் போனாலும் அதே 800 யூரோ. அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளைகளையும். கலியாண நாளுக்கு இருவர் மட்டும்தான் போகவேண்டும் என்பது யார் எழுதிய சட்டம் என்று எனக்குத் தெரியாது. எங்கள் காலத்தில் கலியாணத்துக்கே ஊர் முழுக்க வந்தது. கணவர் முகம் சுளித்தால் அவருக்கும் ஒரு வழி இருக்கிறது: பின்னேரம் ரான்ஸ் ஸ்டேஷனில் நால்வரையும் ரயிலேற்றி விடுங்கள். பாரிஸில் கார் து லெஸ்ட் ஸ்டேஷனுக்கு வேகரயிலில் முக்கால் மணித்தியாலம். நீங்கள் இருவரும் இரவு ரான்ஸில் தங்குங்கள். அங்கே என்ன குடிக்கிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை, அப்பாவும் கேட்கமாட்டார்.

"குடிக்காத மனிதருக்கு அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள். குடிப்பதைத் தவிர மற்றதெல்லாம் இருக்கிறது. ரான்ஸ் நகரத்துக்கு அடியில் சுண்ணக்கல் வெட்டியெடுத்த பெரும் பள்ளங்கள் இருக்கின்றன, கிரேயேர் என்பார்கள். ரோமர் காலத்துக் கல்குழிகள் என்று சொல்வதுண்டு. மேலே ஒடுங்கி, கீழே போகப்போக அகன்று, வெள்ளைக் கூம்புக்குள் இறங்கினது போல் இருக்கும். பின்னாளில் ஷாம்பெயின் கம்பனிகள் அவற்றை இணைத்துப் போத்தல்களை அடுக்கின. யுனெஸ்கோ 2015இல் பட்டியலில் சேர்த்த இடங்களில் இவையும் உண்டு. வழிகாட்டி அங்கே நின்று முதலாம் உலகப்போர்க் கதை சொல்வார். 1914 செப்டெம்பரில் ஷெல் விழுந்து ரான்ஸ் பேராலயம் எரிந்தது. அதன் பிறகும் வருஷக்கணக்காகக் குண்டு விழ, சனம் இந்தப் பள்ளங்களுக்குள் இறங்கிச் சீவித்தது. அங்கேயே அடுப்பு மூட்டினார்கள், அங்கேயே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடந்தது. அந்த இடத்தில் உங்கள் அம்மாவின் முகத்தைப் பாருங்கள். 1995 வரை உங்களைத் தூக்கிக்கொண்டு எத்தனை தடவை பங்கருக்குள் இறங்கியிருப்பார். அந்தக் கதைக்கு அவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். உங்களுக்குத்தான் வேண்டியிருக்கும்.

பெரிய கம்பனி ஒன்றைப் பார்த்தால் போதும், இரண்டாவதை வெட்டிவிடுங்கள். எல்லா இடத்திலும் அதே கதைகள்தான்: ஓவில்லே மடத்துத் துறவி தொம் பெரினியோன், அவர் குமிழியைக் கண்டுபிடித்தார் என்ற கட்டுக்கதை (உண்மையில் அந்தக் காலத்தில் குமிழி ஒரு பழுது, அவர் அதைத் தடுக்கத்தான் பாடுபட்டார்), பிறகு அந்த விதவை. பார்ப்-நிக்கோல் கிளிக்கோ 1805இல் கணவரை இழந்தபோது வயது 27. கம்பனியைத் தன் கையில் எடுத்தார். போத்தலுக்குள் படியும் மண்டியைக் கழுத்துக்கு இறக்க, துளையிட்ட மேசையில் தலைகீழாகச் செருகி நாளுக்கு நாள் திருப்பும் முறை அவருடைய நிலவறையில் பிறந்தது என்பார்கள். அந்தப் போத்தலின் பெயரே 'விதவை கிளிக்கோ'தான். எங்கள் ஆட்களின் கலியாண மண்டபங்களில் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்: புருஷன் இல்லாத பெரியம்மாவை மணவறைப் பக்கம் வரவிடமாட்டார்கள், மேசை நடுவில் மட்டும் விதவையை ஐஸ் வாளிக்குள் உட்கார்த்தி வைத்திருப்பார்கள்.

வழிகாட்டி சொல்லாமல் விடக்கூடிய கதை ஒன்றும் உண்டு. ஷாம்பெயினில் திராட்சையை மெஷினால் அறுக்க அனுமதியில்லை, முழுக்கக் கைதான். 2023 அறுவடையில், பெரும்பாலும் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த ஐம்பதுக்கு மேற்பட்ட தொழிலாளரை மனிதர் தங்க முடியாத ஒரு வீட்டில் அடைத்து வேலை வாங்கியதற்காக, 2025இல் ஷாலோன் நீதிமன்றம் ஆட்கடத்தல் குற்றத்தில் தண்டனை கொடுத்தது. அவர்களில் பலரிடம் வதிவிட காட் இல்லை. காட் இல்லாமல் வேலை செய்வது எப்படியிருக்கும் என்று வானில் இருப்பவர்களில் ஒருவரைக் கேட்கலாம், அவருக்குக் கதைக்க மனமிருந்தால்.

கூட்டிக்கொண்டு போவது என்று முடிவெடுத்தால் சில விஷயம் பார்க்கவேண்டும். அத்தனை வருஷம் ஈரத் தரையில் நின்ற முழங்கால் அது. பொம்மெரி என்ற ஷாம்பெயின் கம்பனியின் நிலவறைக்கு 116 படி. இறங்குவது பெரிதல்ல, ஏறவேண்டும். படி குறைந்த இடம் எது என்று வழிகாட்டியிடம் இப்போதே கேளுங்கள், அதற்குத்தானே தனிச் சுற்றுலாவுக்குக் காசு கொடுக்கிறீர்கள். செப்டெம்பர் வெயிலை நம்பி அம்மாவைக் குளிர்ச்சட்டை இல்லாமல் கூட்டிப்போகாதீர்கள், கீழே பத்துப் பன்னிரண்டு டிகிரிதான். நான் ஒருதடவை சேலையோடும் திறந்த செருப்போடும் இறங்கி, பற்கள் கிடுகிடுக்க ஒரு வார்த்தையும் காதில் ஏறாமல் மேலே வந்தேன். செப்டெம்பர் அறுவடைக் காலமும் கூட. சிறு உற்பத்தியாளர் பலர் அந்த நாட்களில் ஆட்களை உள்ளே எடுக்கமாட்டார்கள். திகதியை உறுதிப்படுத்துங்கள். ஆனால் சிறு உற்பத்தியாளர் வீட்டை மட்டும் விடவேண்டாம். லேபலில் பொடி எழுத்தில் ஆர்.எம். என்று இருந்தால் தன் தோட்டத்துத் திராட்சையில் தானே செய்தவர், என்.எம். என்றால் வெளியில் திராட்சை வாங்கியும் செய்கிற கம்பனி. அப்பாவுக்கு இது ஏற்கெனவே தெரிந்திருந்தால் வாயைப் பிளக்காதீர்கள்.

கேட்டால் "நான் வரவில்லை, நீங்கள் போங்கோ" என்றுதான் சொல்வார். அதனால் கேட்கவேண்டாம். திகதியைச் சொல்லுங்கள், எத்தனை மணிக்கு கார் து லெஸ்ட்டில் நிற்கவேண்டும் என்று சொல்லுங்கள். வைன் தோட்டம் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். அங்கே போன பிறகு அவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்து, "என் அப்பா கழுவிய கோப்பைகள்" என்று முகநூலில் கண்ணீர் வடிக்கிற வேலை வேண்டவே வேண்டாம். அவருடைய கோப்பை உங்களுடைய பதிவு அல்ல. ருசி பார்க்க உட்காரும்போது அவருக்கு முன்னாலும் ஒரு கோப்பை வைப்பார்கள். எடுக்கச் சொல்லவும் வேண்டாம், தள்ளி வைக்கவும் வேண்டாம். அவர் அதை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்ப்பார். அந்த நேரம் நீங்கள் ஃபோனைப் பையில் வைத்துவிட்டு, அன்று டிவிக்கு முன்னால் கேட்காத கேள்வியைக் கேளுங்கள். பதிலுக்கு அவசரப்படுத்தாமல் இருங்கள்.

இன்றிரவே வழிகாட்டிக்கு எழுதுங்கள்: பெரியவர் நான்கு, சிறுவர் இரண்டு, ஒருவருக்கு முழங்கால் வருத்தம். சின்னவருக்குச் சிறுவர் இருக்கை வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஏழாவது இருக்கை மிஞ்சும். மதியச் சாப்பாடு காசுக்குள் அடக்கம் என்று நூறு தடவை சொன்னாலும் உங்கள் அம்மா இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டுதான் வருவார். அந்தப் பையை அதில் வையுங்கள்.