வெயில் வடக்கே இருந்து வரும்: சின்ன வீடு கட்டுவோரின் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் கொல்லைப்பக்கம் அம்மாவுக்காக 40 சதுர மீட்டரில் ஒரு அவுட்பில்டிங் (தனிச் சின்ன வீடு) கட்டுகிறோம். வடக்கு ஜன்னலில் வெயில் விழாது, அங்கே கூரையை நீட்ட வேண்டாம் என்று இந்தியப் புத்தகம் ஒன்றைக் காட்டி மாமா சொல்கிறார். சரியா?

அந்தப் புத்தகம் இந்தியாவுக்குப் பெரும்பாலும் சரி, இங்கே சரியில்லை. டர்பன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 30 டிகிரியில் இருக்கிறது, அதனால் நண்பகல் வெயில் ஆண்டு முழுக்க வடக்குப் பக்கமிருந்துதான் வரும். அம்மாவின் பெரிய ஜன்னல் வடக்கே இருக்கட்டும், அதற்கு மேலே கூரையை 60 சென்டிமீட்டர் வெளியே நீட்டுங்கள். இங்கே கோடையான டிசம்பரில், நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேல் நிற்பதால் ஜன்னல் முழுவதும் நிழலில் இருக்கும். குளிர்காலமான ஜூனில் அது 37 டிகிரி உயரம்தான் ஏறும், கூரையின் நிழல் அரை மீட்டர்கூட இறங்காது, ஜன்னலின் மேல்விளிம்பைக் கூரையிலிருந்து கொஞ்சம் கீழே இறக்கி வைத்துவிட்டால் வெயில் நேராக அம்மாவின் கட்டில் வரை வரும். இதற்கு ஒரு காசு மின்சாரம் வேண்டாம்.

மேற்குச் சுவர்தான் வில்லங்கம். மாலை வெயில் தாழ்ந்து அடிக்கும், கூரை நீட்டியும் பயனில்லை. அங்கே குளியலறையை வையுங்கள், அல்லது பந்தல் போட்டு அவரைக்கொடியை ஏற்றிவிடுங்கள்.

ப்ரீபெய்ட் மீட்டரில் போடும் காசு பாதி மாதத்திலேயே தீர்ந்துவிடுகிறது. சோலார் பேனல் வாங்கலாமா?

முதலில் கீசரைப் பாருங்கள். 150 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 7 யூனிட் ஆகிறது, அதில் 9 வாட் எல்இடி பல்பு ஒன்று எழுநூறு மணி நேரத்துக்கு மேல் எரியும். சோலார் கீசரோ, வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீரைக் காய்ச்சும் ஹீட் பம்ப்போ போட்ட பிறகு பேனல் கணக்கைப் போட்டால் சின்னதே போதும் என்று தெரியவரும். புது வீடு என்றால் தென்னாப்பிரிக்காவில் 2011 முதல் விதியே இருக்கிறது: ஆண்டுக்குத் தேவையான சுடுதண்ணீரில் பாதியையாவது சாதாரண மின்சார ஹீட்டர் கம்பி இல்லாமல் பெற வேண்டும்.

எங்கள் கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ். அதன்மேல் பேனல் மாட்டலாமா?

வேண்டாம். துளை போட்டால் வரும் தூசு நுரையீரலுக்கு எமன். பதிவு பெற்றவர்களை வைத்துக் கூரையை மாற்றிவிட்டு அப்புறம் மாட்டுங்கள்.

ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் ஜூலை இரவில் வீடு ஐஸ் பெட்டி மாதிரி ஆகிவிடுகிறது, தகரக் கூரை, சீலிங் இல்லை. ஹீட்டர் எது நல்லது?

அந்தக் காசில் சீலிங் போடுங்கள். சூடு மேலே ஏறித் தகரம் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும் வரை எந்த ஹீட்டரும் தாக்குப்பிடிக்காது. சீலிங்குக்கு மேலே காப்புப் பஞ்சை அமுக்காமல், இடைவெளி விடாமல் பரப்புங்கள். அமுங்கினால் அதற்குள் இருக்கும் காற்று போய்விடும், காற்றுதான் சூட்டைத் தடுப்பது. கதவடி இடுக்கையும் அடையுங்கள். ஆனால் அடைத்த வீட்டுக்குள் கரியடுப்பை மட்டும் கொண்டுவரவே கூடாது, அதன் விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.