அமெரிக்காவில் வேறு மாநிலத்தில் இருப்பவருக்கு என் ரைஃபிளை விற்கலாமா?

கேள்வி: நான் டெக்சஸில் இருக்கிறேன். என்னுடைய வேட்டை ரைஃபிளை ஒக்லஹோமாவில் இருக்கும் நண்பர் கேட்கிறார். நேரில் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டால் போதுமா? சட்டப்படி என்ன செய்ய வேண்டும்?

விற்கலாம். ஆனால் நீங்கள் நேராக அவர் கையில் கொடுக்கக் கூடாது. நடுவில் லைசென்ஸ் உள்ள டீலர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். ஃபெடரல் துப்பாக்கி லைசென்ஸின் சுருக்கமாக இங்கே எல்லோரும் அவரை எஃப்எஃப்எல் என்றுதான் சொல்வார்கள்.

டெக்சஸ்காரர்களுக்கு இதில் குழப்பம் வருவது சகஜம். இரண்டு பேரும் டெக்சஸ்வாசிகள் என்றால் தனியார் விற்பனைக்கு டீலரும் வேண்டாம், பின்னணிச் சோதனையும் வேண்டாம். வாங்குபவர் துப்பாக்கி வைத்திருக்கத் தடை உள்ளவர் என்று தெரிந்தோ, அப்படிச் சந்தேகிக்கக் காரணம் இருந்தோ விற்கக் கூடாது, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தில், இரு மாநில எல்லையான ரெட் ரிவர் ஆற்றைத் தாண்டி ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி நண்பரிடம் கொடுத்துவிட்டு வரலாம் என்று தோன்றும். 1968-இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அது ஃபெடரல் குற்றம், ஐந்தாண்டு வரை சிறை. அவரை டெக்சஸுக்கு வரவழைத்துக் கொடுத்தாலும் அதேதான். எங்கே நின்று கை மாறுகிறது என்பது பொருட்டல்ல, யார் எந்த மாநிலவாசி என்பதுதான் கணக்கு. காசு வாங்காமல் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தாலும் தப்பிக்க முடியாது. உயில் வழியாக வருவதற்கும், வேட்டைக்கோ சுடும் பயிற்சிக்கோ தற்காலிகமாக இரவல் தருவதற்கும் மட்டும் விலக்கு உண்டு.

வழிகள் இரண்டு. உங்கள் ஊர் டீலர் கடைக்கு நண்பரை வரச் சொல்லலாம். ரைஃபிள், ஷாட்கன் போன்ற நீளத் துப்பாக்கிகளை வெளிமாநிலத்தவருக்கு டீலர் நேருக்கு நேர் விற்கச் சட்டம் இடம் தருகிறது, இரண்டு மாநிலச் சட்டங்களும் ஒத்துக்கொண்டால். கைத்துப்பாக்கிக்கு இது செல்லாது, அது வாங்குபவரின் மாநில டீலர் வழியாகத்தான் போக வேண்டும். இன்னொரு வழி, ரைஃபிளை அவர் ஊர் டீலருக்கு நீங்கள் அனுப்புவது அல்லது நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது. என்னைக் கேட்டால் இதுதான் நிம்மதி. அந்த மாநிலத்தின் விதிகள் அங்கே கடை வைத்திருப்பவருக்குத்தான் அத்துப்படி. வாங்குபவர் கலிஃபோர்னியாவிலோ நியூயார்க்கிலோ இருந்தால், அந்த மாடலே அங்கே செல்லுமா என்று முதலில் அந்த டீலரிடம் கேட்காமல் விலை பேசவே ஆரம்பிக்காதீர்கள்.

தபால்துறை வழியாக ரைஃபிளை டீலருக்கு அனுப்பத் தனிநபருக்கு அனுமதி உண்டு. குண்டு இருக்கக் கூடாது, தோட்டாக்களைத் தபாலில் போடவே கூடாது. யுபிஎஸ், ஃபெடெக்ஸ் இரண்டும் லைசென்ஸ் உள்ளவர்களிடம் மட்டுமே வாங்குகின்றன. அனுப்பும் முன் அந்த டீலரின் லைசென்ஸ் நகலை வாங்கி, இந்த லைசென்ஸ்களைத் தரும் ஃபெடரல் துறையான ஏடிஎஃப்பின் தளத்தில் எண்ணைப் போட்டுச் சரிபாருங்கள். ‘தனியாரிடமிருந்து வருவதை வாங்குவீர்களா’ என்றும் கேளுங்கள். சில கடைகள் இன்னொரு டீலர் அனுப்பினால்தான் எடுப்பார்கள்.

என் பழைய ரெமிங்டன் 700 ரைஃபிளை ஒக்லஹோமாவின் நார்மனில் இருக்கும் முன்னாள் சக ஊழியருக்கு விற்றபோது, நானே கொண்டுபோய் அவர் ஊர்க் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் போல்ட்டைப் பின்னால் இழுத்து அறை காலியா என்று பார்த்தார், சீரியல் எண்ணைப் படித்துத் தன் பதிவேட்டில் ஏற்றினார். டீலரிடம் துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய ஃபெடரல் படிவமான ஃபார்ம் 4473-ஐ நண்பர் நிரப்பினார். வீடு மாறியிருந்ததால் அவருடைய டிரைவிங் லைசென்ஸில் பழைய முகவரி. புது முகவரி உள்ள இன்னொரு அரசு ஆவணம் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். நல்லவேளை, காரின் பதிவுச் சான்றில் புது முகவரி இருந்தது. பெயரிலும் நம்மவர்களுக்கு ஒரு வேடிக்கை உண்டு. பெயரில் வெறும் இனிஷியல்தான் என்றால் அதன் பக்கத்தில் ‘ஐஓ’ என்றும், நடுப்பெயரே இல்லையென்றால் ‘என்எம்என்’ என்றும் எழுத வேண்டும். பிறகு நிக்ஸ் என்ற எஃப்பிஐயின் பின்னணிச் சோதனை. அன்றைக்கு உடனே ‘ப்ரொசீட்’, அதாவது கொடுக்கலாம் என்ற பதில், வந்துவிட்டது. சிலருக்கு ‘டிலே’ வந்து நாள்கணக்கில் இழுக்கும். டீலரின் கூலி பெரும்பாலும் 25 முதல் 50 டாலருக்குள் இருக்கும், யார் கொடுப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது விசா. கிரீன் கார்டு இருந்தால் பிரச்சினை இல்லை. எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் வந்தவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. தெரிந்தே விற்றால் விற்பவரும் மாட்டுவார். அலுவலக நண்பர் என்பதற்காகக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

‘என் பெயரில் வாங்கி அவனிடம் கொடுத்துவிடுகிறேன்’ என்று மூன்றாவது ஆள் யாராவது முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்ரம்ஸ்கி என்ற முன்னாள் போலீஸ்காரர் பென்சில்வேனியாவில் இருந்த மாமாவுக்காக வர்ஜீனியாவில் ஒரு க்ளாக் கைத்துப்பாக்கி வாங்கினார். மாமாவுக்கு எந்தத் தடையும் இல்லை, பென்சில்வேனியா டீலர் வழியாகச் சோதனை முடித்துத்தான் கைமாற்றினார்கள். ஆனாலும் படிவத்தில் ‘உண்மையில் வாங்குபவர் நான்தான்’ என்று குறித்தது பொய் என்பதால் தண்டனை. 2014-இல் உச்ச நீதிமன்றமும் 5-4 என்று அதை உறுதிசெய்தது.

கடைசியாகப் பணம். சோதனையில் நண்பருக்கு ‘டினை’, அதாவது மறுப்பு, வந்தால் ரைஃபிள் டீலரிடமே நிற்கும். அவர் தன் பதிவேட்டில் ஏற்றி, நீங்களும் கடையை விட்டுக் கிளம்பிவிட்டால், உங்கள் சொந்தத் துப்பாக்கியைத் திரும்ப வாங்க நீங்களே 4473 நிரப்பிச் சோதனைக்கு உட்பட வேண்டும். அப்படி ஆனால் முன்பணம் திரும்பத் தருவதா, டீலர் கூலியும் திரும்பி வரும் செலவும் யார் தலையில் என்று நண்பரிடம் ஒரு மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சீரியல் எண்ணும் தேதியும் உள்ள ரசீது ஒன்று உங்களிடமும் இருக்கட்டும்.