கடல் எந்தப் பக்கம் பார்க்கிறது? பருவம் பார்த்து வெளிநாட்டுப் பயணம்: கேள்வி பதில்

தாய்லாந்து, வியட்நாம், பாலி, இலங்கை, மாலத்தீவு. இந்தப் பக்கமெல்லாம் எப்போது வெயில், எப்போது மழை என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். பன்னிரண்டு வருடமாகக் குழுக்களைக் கூட்டிக்கொண்டு அலைந்து, நனைந்து, காய்ந்து கற்றது. விசா, டிக்கெட் விலை, எந்த ஊரில் இட்லி கிடைக்கும் என்பதெல்லாம் என் இலாகா இல்லை.

மதுரை மாப்பிள்ளை: அக்கா, நவம்பர் கடைசியில் கல்யாணம். டிசம்பர் முதல் வாரம் தேன்நிலவுக்குத் தாய்லாந்து. ஃபூகெட்டா, கோ சமுய் தீவா? இரண்டுக்கும் ஒரே வானிலைதான் என்கிறார் ஏஜென்ட்.

ஃபூகெட். முதலில் வாழ்த்துகள், அப்புறம் அந்த ஏஜென்டுக்கு ஒரு வரைபடம் வாங்கிக் கொடுங்கள்.

தாய்லாந்தின் கீழ்ப்பகுதி வால் மாதிரி நீண்டு இறங்கும். வாலுக்கு மேற்கே அந்தமான் கடல், அதில் ஃபூகெட், கிராபி. கிழக்கே தாய்லாந்து வளைகுடா, அதில் சமுய். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று வீசும்போது ஃபூகெட் நனையும். அக்டோபருக்கு மேல் காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து வரும். அப்போது ஃபூகெட் காயத் தொடங்கும், சமுய் நனையும். சமுய்க்கு நவம்பர்தான் அடைமழை மாதம். அதன் வால் டிசம்பரிலும் ஆடும். நீங்கள் போவது சரியாக அந்த வாலில்.

இது நமக்குப் புதிதா என்ன? ஜூனில் கேரளாவில் கொட்டும்போது சென்னை வெந்துகொண்டிருக்கும். ஐப்பசி கார்த்திகையில் சென்னையும் கடலூரும் மிதக்கும். அதே காற்று, அதே கணக்கு. கடல் மேல் வரும் காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, முதலில் மோதுகிற கரையில் கொட்டும். பின்னால் மலை இருந்தால் இன்னும் கொட்டும். மலைக்கு அந்தப் பக்கம் காய்ந்து கிடக்கும்.

சென்னை, திருகோணமலை, மலேசியாவின் கிளந்தான், திரங்கானு, தாய்லாந்தின் சமுய், வியட்நாமின் ஹோய் ஆன் எல்லாம் கிழக்குப் பார்த்தவை. ஐப்பசி கார்த்திகையில் இவை அத்தனைக்கும் குடை வேண்டும். கேரளா, இலங்கையின் காலி, மலேசியாவின் லங்காவி, ஃபூகெட், வியட்நாமின் ஃபூ குவோக் தீவு எல்லாம் மேற்குக் கணக்கு. இவற்றுக்கு மழை மே முதல் அக்டோபர் வரை. நாட்டின் பெயரைச் சொல்லி எந்த மாதம் நல்லது என்று கேட்காதீர்கள். கடல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள், பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

கோவை அம்மா, இரண்டு பிள்ளைகள்: பள்ளிக்கூட லீவு மே மாதம்தான். அப்போது எங்கே போனால் மழையில் மாட்டாமல் இருக்கலாம்?

மூன்று இடம் சொல்கிறேன். வியட்நாமின் நடுக் கரையில் டா நாங். பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை அங்கே மழை குறைவு, மே மாதக் கடல் குளம் மாதிரி. வெயில் உண்டு, ஆனால் கோவையிலிருந்து தப்பி வருகிறவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. இரண்டாவது, பாலி. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் அங்கே கணக்கு தலைகீழ்: நவம்பர் முதல் மார்ச் வரை மழை, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை உலர்ந்த காலம். மே மாதம் வயலெல்லாம் இன்னும் பச்சையாக இருக்கும், வானம் வெளுத்திருக்கும். மூன்றாவது, திருகோணமலை. மே முதல் செப்டம்பர் வரை நிலாவெளிக் கடற்கரையில் பிள்ளைகளைத் தைரியமாக இறக்கலாம். பேசவும் தமிழே போதும்.

ஏப்ரலிலேயே லீவு விட்டால் பாங்காக் பக்கம் போகும் முன் யோசியுங்கள். அந்த ஊரின் உச்ச வெயில் மாதம் அது. ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான், அவர்கள் புத்தாண்டு. சூரியன் மேஷத்தில் நுழைகிற அதே கணக்குத்தான், நம் சித்திரை முதல் நாளோடு ஒட்டி வரும். நாம் பஞ்சாங்கம் படிப்போம், அவர்கள் தெருவில் போகிறவர் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், கைபேசிக்குக் கண்டம்.

திருச்சி ஐ.டி. நண்பர்: நவம்பரில் ஹோய் ஆன் விளக்குகள் பார்க்க ஆசை. டிக்கெட், ஓட்டல் எல்லாமே மலிவாக இருக்கிறது. போட்டுவிடலாமா?

ஏன் மலிவு என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா?

நானும் ஒரு நவம்பரில் 22 பேரோடு அந்த மலிவில் மாட்டியவள்தான். முதல் நாள் மாலை ஆற்றங்கரையில் விளக்குப் படம் எடுத்தோம். ராத்திரி முழுக்க மழை. காலை ஆறு மணிக்குக் கீழே வந்தால், ஓட்டல் பையன்கள் இரண்டு பேர் குளிர்பதனப் பெட்டியைக் கயிறு கட்டி மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முகத்தில் பதற்றமே இல்லை, நாம் மொட்டை மாடி வடகத்தை எடுப்பது மாதிரி ஒரு வேகம். பத்து மணிக்கு வரவேற்பறையில் முழங்கால் தண்ணீர். நாங்கள் ஓட்டலைக் காலி செய்தது படகில். குழுவிலிருந்த பாட்டி ஒருவர் செருப்பை மஞ்சப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, "திருவிழா தெப்பம் மாதிரி இருக்கும்மா" என்றார். மற்ற 21 பேரும் என்னைப் பார்த்த பார்வை வேறு.

து போன் ஆற்றின் வாயில் இருக்கிறது அந்தப் பழைய ஊர். வடக்கே ஹாய் வான் கணவாய், மேற்கே மலைத்தொடர். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குக் காற்றும் தென்சீனக் கடல் புயலும் சேர்ந்து அங்கே கொட்டுவதெல்லாம் ஆறாக இறங்கி ஊருக்குள் வரும். அங்கே டான் கீ என்றொரு பழைய வணிகர் வீடு உண்டு. எந்த வருடம் எவ்வளவு உயரம் தண்ணீர் வந்தது என்று சுவரில் குறித்து வைத்திருப்பார்கள். 1999, 2009 எல்லாம் அதில் இருக்கும். நான் கூட்டிப்போகும் எல்லோரையும் முதலில் அந்தச் சுவர் முன்னால்தான் நிறுத்துகிறேன். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரலுக்குள் போங்கள். விளக்கு அப்போதும் எரியும்.

சேலம்: பாலிக்கு ஜூலையில் போகிறோம். கைபேசியில் பார்த்தால் பத்து நாளும் மேகமும் மழைத்துளியும் படம் காட்டுகிறதே?

ஜூலைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அந்தப் படத்தை நம்பாதீர்கள். வெப்ப நாடுகளில் எங்கேயாவது பத்து நிமிடம் தூறல் வர வாய்ப்பிருந்தாலே செயலி முழு நாளுக்கும் மழைப் படம் போட்டுவிடும். ஐந்து நாளுக்கு மேல் அது சொல்வது கிளி ஜோசியம். தைரியமாகப் போங்கள். ஆனால் பக்கத்துத் தீவான நுசா பெனிடாவுக்குப் படகுப் பயணத்தை ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் வைக்காதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் நடுவில் இருக்கும் நீரிணை முரட்டுத்தனம் காட்டும், படகு நின்றால் விமானம் போய்விடும்.

நாமக்கல்: மே மாத லீவுக்கு எந்த நாடு நல்லது?

மேலே கோவை அம்மாவுக்குச் சொன்னதேதான்.

தஞ்சாவூர் ஐயா, 71 வயது: மார்ச்சில் மகன் சியாங் மாய் கூட்டிப்போகிறேன் என்கிறான். எனக்குக் கொஞ்சம் ஆஸ்துமா.

வேண்டாம் ஐயா. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை வடதாய்லாந்தில் புகைக் காலம். அறுவடை முடிந்த வயலின் அடித்தாளையும் காட்டுச் சருகையும் கொளுத்துவார்கள், எல்லை தாண்டியும் புகை வரும். ஊர் மலைக்கிண்ணத்துக்குள் இருப்பதால் புகை வெளியேறாது. மழைக் கணக்கு மட்டும் பார்க்கிறவர்களுக்கு மார்ச் பளிச்சென்று தெரியும், நேரில் போனால் எதிர் மலையே தெரியாது. டிசம்பர், ஜனவரியில் போங்கள். காலையில் குளிரும், மஃப்ளர் எடுத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்தார்: நீங்கள் அனாவசியமாகப் பயமுறுத்துகிறீர்கள். ஆகஸ்டில் ஃபூகெட் போனேன், ஓட்டல் பாதி விலை. சாயங்காலம் ஒரு மணி நேரம் மழை, மற்ற நேரம் வெயில். சீசன் என்பதே ஓட்டல்காரன் கட்டிய கதை.

மழையைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். நாள் முழுக்கப் பெய்யாது, விலை குறைவு, கூட்டம் குறைவு. கோவில், மசாஜ், சாப்பாடு என்று போகிறவர்களை நானே ஆகஸ்டில் அனுப்பியிருக்கிறேன். என் பயம் வானம் இல்லை, கடல். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஃபூகெட்டின் மேற்குக் கடற்கரைகளில் சிவப்புக் கொடி நட்டிருப்பார்கள். அதைத் தாண்டி இறங்கி ஒவ்வொரு வருடமும் ஆள் போகிறது. 2018 ஜூலை 5 அன்று ஃபூகெட் அருகே ஒரு சுற்றுலாப் படகு மூழ்கி 47 சீனப் பயணிகள் இறந்தார்கள். அதுவும் இதே பருவத்தில். அதே அந்தமான் கடலில் இருக்கும் சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை அரசாங்கமே மூடி வைக்கிறது. மூடினால் வருமானம் போகும் என்று தெரிந்தும் மூடுகிறார்கள் என்றால், ஓட்டல்காரன் கதை எங்கே வந்தது?

மறுபடி கும்பகோணத்தார்: கொடி இருந்தது. நான் இடுப்பளவு தண்ணீரில்தான் நின்றேன். ஒன்றும் ஆகவில்லையே.

உங்களுக்கு ஆகவில்லை. மெரினாவில் இறங்கியவர்களும் முந்தைய நிமிடம் வரை அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அலை கரைக்குத் தள்ளுகிற தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். மணல்திட்டுக்கு நடுவே ஒரு பள்ளம் கிடைத்தால் மொத்தமும் அது வழியாக ஆறு மாதிரி கடலுக்குள் ஓடும். கொடுமை என்னவென்றால், அந்தப் பள்ளத்தின் மேல் அலை உடையாது. இரண்டு பக்கமும் நுரைத்துக்கொண்டிருக்க நடுவில் மட்டும் அமைதியாகத் தெரியும். குடும்பத்தோடு வருகிறவர்கள் இங்கே பாதுகாப்பு என்று அங்கேயேதான் இறங்குவார்கள். இழுத்தால் கரையை நோக்கி நீந்தாதீர்கள், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள். நீச்சல் தெரியாவிட்டால் கொடிக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள்.

கோத்தா பாருவிலிருந்து ஒரு மலேசியத் தமிழர்: கும்பகோணத்து அண்ணன் நவம்பரில் எங்கள் பக்கம் வரட்டும். பெர்ஹெந்தியான் தீவில் விடுதிக்காரர்கள் கதவைப் பூட்டிவிட்டுக் கரைக்கு வந்துவிடுவார்கள், படகும் ஓடாது. பாதி விலைக்கு என்ன, சும்மா கொடுத்தாலும் போக முடியாது. ஆனால் அக்கா, உங்கள் கிழக்குக் கரை விதியும் முழுசாகச் சரியில்லை. ஹனோய் பக்கமும் கிழக்குப் பார்த்ததுதானே? அங்கே மழை ஜூலை, ஆகஸ்டில் அல்லவா?

பிடித்துவிட்டீர்கள். ஒப்புக்கொள்கிறேன். வடவியட்நாமுக்குக் குளிர்காலக் காற்று கடல் மேல் வருவதில்லை, சீனாவின் நிலப்பரப்பு வழியாக வருகிறது. அதனால் டிசம்பர், ஜனவரியில் உலர்ந்த குளிர், 15 டிகிரி பக்கம் இறங்கும். நம் ஆட்கள் கடற்கரை உடுப்போடு போய் இறங்கி விமான நிலையத்திலேயே ஸ்வெட்டர் வாங்குவார்கள். பிப்ரவரி, மார்ச்சில் அதே காற்று கொஞ்சம் கடலைச் சுற்றிக்கொண்டு வரும், நசநசவென்று தூறலும் பனிமூட்டமும் இருக்கும், ஹா லாங் விரிகுடாவின் பாறைத் தீவுகள் பாதி தெரியாது. கோடையில் பெருமழை, புயல். 2025 ஜூலையில் ஹா லாங்கில் திடீர்ச் சூறைக்காற்றில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து பலர் இறந்தார்கள். துறைமுகத்தில் படகை நிறுத்தி வைத்தால் அவர்களோடு சண்டை போடாதீர்கள். ஹனோய், ஹா லாங் இரண்டுக்கும் அக்டோபர் நடு முதல் டிசம்பர் நடு வரை நல்ல காலம். காற்று எதன் மேல் நடந்து வருகிறது என்பதையும் என் விதியில் சேர்த்துக்கொள்கிறேன்.

கும்பகோணத்தார்: அப்படியென்றால் சீசன் இல்லாதபோது போகவே கூடாதா?

யார் சொன்னது? மாலத்தீவின் ஹனிஃபாரு விரிகுடாவுக்கு ஜூன் முதல் நவம்பருக்குள் போங்கள். ஓட்டல் கணக்கில் அது மழைக்காலம், மலிவு. ஆனால் தென்மேற்குப் பருவத்தில்தான் நீரோட்டம் மிதவை உயிரிகளை அந்தப் புனல் மாதிரியான விரிகுடாவுக்குள் தள்ளும், அதைத் தின்ன மாண்டா திருக்கைகள் கூட்டமாக வரும். டிசம்பரில் நீலக் கடலுக்குக் காசு கொட்டிக் கொடுத்துப் போகிறவருக்கு அந்தக் காட்சி கிடைக்காது. ஆக்சிஜன் உருளையோடு அங்கே இறங்க அனுமதி இல்லை, மேலே மிதந்துதான் பார்க்க வேண்டும். இப்போது நாம் இரண்டு பேரும் சமாதானமா அண்ணா?

ஓசூர்: சுவிட்சர்லாந்துக்கு எந்த மாதம்?

என் எல்லை இல்லை. ஆனால் மே மாதம் போனால் உயர மலைச்சாலைகள் பல திறந்திருக்காது என்று மட்டும் தெரியும்.

திண்டுக்கல்: மே மாதம் பிள்ளைகளோடு...

கோவை. மேலே.

விருதுநகர்: பாலியில் மார்ச்சில் ஒருநாள் விமான நிலையமே மூடுமாமே, நிஜமா?

நிஜம். நியெபி என்ற மௌன நாள். விமானம் கிடையாது, தெருவில் நடமாட்டம் கிடையாது, சுற்றுலாப் பயணியும் ஓட்டலை விட்டு வெளியே வரக்கூடாது. தேதி வருடா வருடம் மாறும், டிக்கெட் போடும் முன் பாருங்கள்.

மறுபடி மதுரை மாப்பிள்ளை: அக்கா, ஏஜென்ட் சமுய் ஓட்டலுக்கு முன்பணம் கட்டிவிட்டாராம். திருப்பித் தர மாட்டார்களாம். என்ன செய்ய?

பணத்தைக் கேட்காதீர்கள், தேதியைத் தள்ளக் கேளுங்கள். அதற்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். பிப்ரவரி, மார்ச்சில் சமுய் அருமையாக இருக்கும். டிசம்பருக்கு ஃபூகெட்டில் புதிதாக அறை போடுங்கள். தேதியும் தள்ளாவிட்டால் சமுய்க்கே போங்கள், மோசமில்லை, மழை விட்டு விட்டுத்தான் வரும். போகவர விமானமே எடுங்கள், தீவில் விமான நிலையம் இருக்கிறது. ஃபெர்ரியை நம்பி பாங்காக் விமானத்தை இணைக்காதீர்கள். கொடி சிவப்பாக இருந்தால் இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்து இளநீர் குடியுங்கள்.